டெவர்ஸும் போனார், பிரெக்மனும் போனார்: ரெட் சாக்ஸ் நிர்வாகம் என்னதான் நினைக்கிறது?

பச்சைச்சுவர்:

நம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பிரெக்மன் இந்த 2026 ஜனவரியில் சிகாகோ கப்ஸுக்குப் போய்விட்டார். 5 வருடம், 175 மில்லியன் டாலர். செய்தியைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. இங்கே கொட்டித்தான் ஆக வேண்டும்.

நடந்ததை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் ரஃபேல் டெவர்ஸுக்கு 10 வருடம், 313.5 மில்லியன் கொடுத்தார்கள். ரெட் சாக்ஸ் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. மூக்கி பெட்ஸ் போனார், சாண்டர் போகார்ட்ஸ் போனார், இவரையாவது விடாமல் பிடித்துக்கொண்டார்களே என்று நிம்மதியாக இருந்தோம். 2025 பிப்ரவரியில், அதே டெவர்ஸ் ஃபீல்டிங்கில் நிற்கும் இடமான மூன்றாவது பேஸுக்கு அலெக்ஸ் பிரெக்மனைக் கூட்டி வந்தார்கள். 3 வருடம், 120 மில்லியன், ஒவ்வொரு வருட முடிவிலும் விலகிக்கொள்ளும் உரிமை. பயிற்சி முகாமுக்கு வந்த டெவர்ஸ் "மூன்றாவது பேஸ் என் இடம்" என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒப்பந்தம் போட்டபோது அந்த இடம் தனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள் என்றும் சொன்னார்.

சரி, அதற்கப்புறம் இறங்கி வந்தார். ஃபீல்டிங் இல்லாமல் பேட் மட்டும் பிடிக்கும் டிஎச் ஆனார். முதல் சில ஆட்டங்களில் ஒரு ஹிட் கூட வரவில்லை, பிறகு நிமிர்ந்துவிட்டார். மே தொடக்கத்தில் ட்ரிஸ்டன் காசஸுக்கு முழங்காலில் நாண் அறுந்து சீசனே முடிந்துபோக, முதல் பேஸுக்கு வருகிறாயா என்று அதே மனிதரிடம் கேட்டார்கள். கையுறையை எடுத்து வைத்துவிடு, இனி டிஎச் மட்டும்தான் என்று சொன்னது நீங்கள்தானே என்று அவர் திருப்பிக் கேட்டார். முதலாளி ஜான் ஹென்றியே கேன்சஸ் சிட்டிக்குப் பறந்து போய்ப் பேச வேண்டியதாயிற்று.

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. நம் மைதானமான ஃபென்வேயில் நியூயார்க் யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்த நாள். அன்று மேக்ஸ் ஃப்ரீட் பந்தில் டெவர்ஸ் ஹோம் ரன் அடித்தார், 2-0 வெற்றி. சாயங்காலமே அவரை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது நமக்குச் சொல்லப்பட்ட சமாதானம், மூன்றாவது பேஸில் பிரெக்மன் இருக்கிறார் என்பது. இப்போது அவரும் இல்லை. ஒரு இடத்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் இருந்தார்கள், இன்று இடம் மட்டும் காலியாக இருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு?

எண்கணக்கு:

உங்கள் வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனால் ஜூன் 15-ஐ நீங்கள் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் வரும்.

டெவர்ஸ் போன அன்று அணி 37 வெற்றி, 36 தோல்வி. அவர் போன பிறகு 52 வெற்றி, 37 தோல்வி. மொத்தம் 89 வெற்றி, 2021-க்கு அப்புறம் முதல் முறையாக ப்ளேஆஃப். டிரேட் (வீரர் பரிமாற்றம்) நடந்த மறுநாள், அணியை அமைக்கும் தலைமை அதிகாரி கிரெய்க் பிரெஸ்லோ, இந்த டிரேட் இல்லாமல் ஜெயித்திருக்கக்கூடியதைவிட அதிக ஆட்டங்கள் ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது என்று சொன்னபோது பாஸ்டன் ரேடியோவில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர் சொன்னதுதான் நடந்தது. டெவர்ஸை வாங்கிய ஜயன்ட்ஸ் 81-81 என்று முடித்தது.

அடுத்தது பணம். டெவர்ஸ் ஒப்பந்தத்தில் 2033 வரை 250 மில்லியனுக்கு மேல் பாக்கி இருந்தது. ஜயன்ட்ஸ் அதை முழுவதுமாக ஏற்றுக்கொண்டது, பாஸ்டன் ஒரு டாலர்கூடக் கைவிட்டுக் கொடுக்கவில்லை. 28 வயதிலேயே டிஎச் ஆகிவிட்ட ஒருவருக்கு 36 வயது வரை வருடத்துக்கு 30 மில்லியன் அளவில் கொடுப்பது நல்ல முதலீடா? அவர் பேட்டிங் அருமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபீல்டிங்கில் என்ன கொடுத்தார் என்று நாம் எல்லோரும்தான் பார்த்தோம்.

பாஸ்டன்வாசி:

எண்கணக்கு, 52-37 என்பதை டெவர்ஸ் போனதால் வந்த பலன் என்று சொல்ல முடியாது. அவர் போவதற்கு சில நாள் முன்னால், ஜூன் 9 அன்றுதான் இளம் பேட்டர் ரோமன் ஆன்டனி வந்தார். ஜூலையில் பிரெக்மன் காயத்திலிருந்து திரும்பினார். பந்துவீச்சாளர் (பிட்சர்) கேரட் க்ரோஷே ஒவ்வொரு ஐந்தாவது நாளும் எதிரணியை உருட்டினார். டெவர்ஸும் இருந்து இவையெல்லாம் நடந்திருந்தால் எத்தனை வெற்றி வந்திருக்கும்? அதை யாரும் எண்ணிக் காட்ட முடியாது.

பதிலுக்கு வந்தது என்ன? ஜோர்டன் ஹிக்ஸ் இடையில் மாற்றுப் பிட்சராக வந்து ரன்களை வாரிக் கொடுத்தார். கைல் ஹாரிசன் பெரும்பாலும் நம் கீழ்மட்ட அணியான வூஸ்டரில்தான் இருந்தார். ஜேம்ஸ் டிப்ஸை ஜூலை கடைசியில் டாட்ஜர்ஸுக்கு அனுப்பி டஸ்டின் மேயை வாங்கினார்கள். நான்காவது ஆள் ஹோசே பெல்லோ இன்னும் கீழ்மட்டத்தில் பந்து வீசும் பையன். டெவர்ஸோ அந்த வருடம் இரண்டு அணிக்கும் சேர்த்து 35 ஹோம் ரன் அடித்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் பேஸிலும் இறங்கி ஆடினார்! நமக்கு முடியாது என்றவர் அவர்களுக்கு ஏன் ஆடினார்? அங்கே அணியின் தலைமை நிர்வாகி பஸ்டர் போஸி போன்ற ஒருவர் உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

இந்தக் கதையின் வேர் 2025-இல் இல்லை, 2020-இல் இருக்கிறது. பெட்ஸ் விஷயத்தைப் பேசாமல் டெவர்ஸைப் பேச முடியாது.

2018-இல் 108 ஆட்டங்களை ஜெயித்து, உலகத் தொடரில் டாட்ஜர்ஸை ஐந்தே ஆட்டத்தில் முடித்த அணி அது. பெட்ஸ் அந்த வருடம் .346 சராசரியில் அடித்து, 32 ஹோம் ரன், 30 திருட்டு பேஸோடு (பந்து அடிபடும் முன்பே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) சிறந்த வீரர் விருதான எம்விபி வாங்கினார். 2011 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) ஐந்தாவது சுற்றில் பாஸ்டன் எடுத்த பையன், நம் கண் முன்னால் வளர்ந்தவர். அவரை 2020 பிப்ரவரியில், அவர் ஒப்பந்தத்துக்கு ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போது, பிட்சர் டேவிட் பிரைஸோடு சேர்த்து டாட்ஜர்ஸிடம் கொடுத்தார்கள். கிடைத்தது அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். பிரைஸுக்கு மூன்று வருடத்தில் பாக்கி 96 மில்லியன். அதில் பாதியையும் பாஸ்டனே கட்ட ஒத்துக்கொண்டது. அதாவது எம்விபியையும் கொடுத்து, 48 மில்லியனையும் கொடுக்க ஒத்துக்கொண்டோம். டவுன்ஸ் பாஸ்டனுக்காக 14 ஆட்டம் ஆடினார், அப்புறம் வேவரில், அதாவது வேண்டிய அணி எடுத்துக்கொள்ளட்டும் என்று, விட்டுவிட்டார்கள். வெர்டுகோவைக் கடைசியில் யாங்கீஸுக்கு அனுப்பினார்கள். இன்று வாங் மட்டும்தான் மிச்சம்.

டாட்ஜர்ஸ் என்ன செய்தது? வாங்கிய சில மாதத்தில், கொரோனாவில் மைதானங்கள் காலியாகக் கிடந்த ஜூலையில், பெட்ஸுக்கு 12 வருடம், 365 மில்லியன் எழுதிக் கொடுத்தது. 2020, 2024, 2025 என்று மூன்று கோப்பை வாங்கியாயிற்று. ரைட் ஃபீல்டில் ஆறு கோல்டு கிளவ் (ஃபீல்டிங் விருது) வாங்கிய மனிதர் 2025-இல் ஷார்ட்ஸ்டாப்பில் நின்று ஆடுகிறார். அணிக்காக எங்கே வேண்டுமானாலும் ஆடுகிறவரை விட்டுவிட்டு, ஐந்து வருடம் கழித்து இன்னொருவரை இடம் மாற மறுக்கிறார் என்று குறை சொன்னோம்.

விடிகாலைரசிகன்:

அண்ணே, நான் மதுரையிலிருந்து பார்க்கிறவன். ஃபென்வேயில் சாயங்கால ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை 4:40-க்கு எழுந்திருக்க வேண்டும், எழுந்துவிடுகிறேன். ஆனால் இந்த ஒப்பந்த விவகாரம் மட்டும் தலை சுற்றுகிறது. பத்து வருட ஒப்பந்தம் போட்ட ஒருவரை அவர் சம்மதமே இல்லாமல் இன்னொரு அணிக்கு எப்படி அனுப்ப முடியும்? அப்புறம், பெட்ஸை அனுப்பியதற்கு வரிதான் காரணம் என்கிறார்களே, அது என்ன வரி? இங்கே ஐபிஎல்லில் ஏலத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே தொகை. அங்கே அப்படி இல்லையா?

பாஸ்டன்வாசி:

தம்பி, நல்ல கேள்வி. அங்கே எல்லா அணிக்கும் பொதுவான உச்சவரம்பு கிடையாது. ஆனால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மொத்தச் சம்பளம் அதைத் தாண்டினால், தாண்டிய பணத்துக்கு வரி. முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து தாண்டினால் 30, பிறகு 50. ரொம்பவும் தாண்டினால் கூடுதல் வரி, டிராஃப்டில் பின்னால் தள்ளும் தண்டனையும் உண்டு. 2018-இல் கோட்டுக்கு மேல் 40 மில்லியனுக்கும் அதிகமாகப் போனதால் அடுத்த வருட டிராஃப்டில் பாஸ்டனின் முதல் தேர்வு பத்து இடம் கீழே போனது. ஒரே ஒரு வருடம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் வரி விகிதம் மறுபடி 20-இலிருந்து தொடங்கும். 2018, 2019 இரண்டிலும் தாண்டியாயிற்று, 2020-இல் 208 மில்லியன் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று ஹென்றி முடிவு செய்தார். அந்த வருடம் பெட்ஸ் சம்பளம் 27 மில்லியன், பிரைஸ் சம்பளம் 32. இருவரையும் ஒன்றாகத் தள்ளிவிட்டால் கணக்கு முடிந்தது.

டிரேட் பற்றிக் கேட்டாய். பெரிய லீக்கில் 10 வருடம் ஆடி, அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தவர்களுக்குத்தான் டிரேடை மறுக்கும் உரிமை தானாக வரும். மற்றவர்கள் ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வாங்க வேண்டும். டெவர்ஸ் முதல் ஆட்டம் ஆடியது 2017 ஜூலையில், அந்த உரிமை வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பிரெக்மன் இந்தத் தடவை அந்த உறுதியைத்தான் கேட்டார், பாஸ்டன் கொடுக்கவில்லை, கப்ஸ் கொடுத்தது என்று செய்திகள் சொல்கின்றன. டெவர்ஸுக்கு நடந்ததைப் பக்கத்து லாக்கரிலிருந்து பார்த்தவர் வேறென்ன கேட்பார்?

பச்சைச்சுவர்:

அதுதான் அண்ணே என் வாதமே. நம் நிர்வாகம் ஆட்களை நடத்தும் விதம் எல்லா ஏஜென்டுக்கும் தெரிந்துவிட்டது. போகார்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் 6 வருடம், 120 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். சந்தையில் அதைவிட அதிகம் கிடைக்கும் என்று தெரிந்தே பாஸ்டனில் இருக்க ஆசைப்பட்டுப் போட்டது. 2022 வசந்தத்தில் அவருக்கு இவர்கள் நீட்டியது, இருக்கிற ஒப்பந்தத்தோடு கூடுதலாக ஒரு வருடம், 30 மில்லியன் என்று அப்போது செய்தி வந்தது. டிசம்பரில் சான் டியேகோ 11 வருடம், 280 மில்லியன் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. அவர் போட்டிருந்த 2 எண் சட்டையைத்தான் பிரெக்மன் போட்டுக்கொண்டு ஆடினார். என் மகனிடம் அந்த எண்ணில் இரண்டு பேர் சட்டையும் இருக்கிறது.

எண்கணக்கு:

பச்சைச்சுவர், போகார்ட்ஸ் விஷயத்தில் எனக்கு நேர் எதிர்க் கருத்து. 30 வயதில் ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்கு 11 வருடம், 40 வயது வரை! ஆரம்பத்தில் நீட்டியது மட்டமான தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 280 மில்லியனைத் தாண்டிப் போகாததை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

பாஸ்டன் நீண்ட ஒப்பந்தத்துக்கு ஏன் பயப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரைஸுக்கு 7 வருடம், 217 மில்லியன். 2018 கோப்பையில் அவர் பங்கு பெரியது, ஆனால் கடைசி மூன்று வருடத்தைத் தள்ளிவிட ஒரு எம்விபியைக் கூடச் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. கிறிஸ் சேலுக்கு 2019 மார்ச்சில் 5 வருடம், 145 மில்லியன். அடுத்த மார்ச்சில் முழங்கை அறுவைச் சிகிச்சை, அப்புறம் விலா எலும்பு, விரல், மணிக்கட்டு என்று வரிசையாகக் காயம். ட்ரெவர் ஸ்டோரிக்கு 6 வருடம், 140 மில்லியன். முழங்கை, தோள் என்று இரண்டு வருடம் வீணாகி, 2025-இல்தான் 25 ஹோம் ரன், 31 திருட்டு பேஸ் என்று பழைய ஸ்டோரியைப் பார்த்தோம். சூடு கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டார்கள். அது தப்பு என்று சொல்லலாம், காரணமே இல்லை என்று சொல்ல முடியாது.

பச்சைச்சுவர்:

சேல் பெயரை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். 2023 டிசம்பரில் அவரை 17 மில்லியன் டாலரும் சேர்த்துக் கொடுத்து அட்லான்டாவுக்கு அனுப்பினார்களே, அடுத்த வருடம் என்ன ஆயிற்று? வெற்றி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி), ஸ்ட்ரைக்அவுட் மூன்றிலும் நேஷனல் லீக்கில் முதலிடம், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நமக்கு வந்தவர் வான் கிரிஸம்.

அது நடந்தது எந்தக் குளிர்காலம் என்று ஞாபகம் இருக்கிறதா? தலைவர் டாம் வெர்னர் "முழு வேகத்தில் போகப்போகிறோம்" என்று சொன்ன அதே குளிர்காலம். அந்த வாக்கை நம்பி சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளப் பட்டியலோ கீழே இறங்கியது. 2024-இல் 81-81.

2020, 2022, 2023 மூன்று வருடமும் பிரிவில் கடைசி இடம். நாட்டிலேயே விலை கூடிய மைதானங்களில் ஒன்று ஃபென்வே. 1912-இல் கட்டிய மைதானம், இருக்கை குறுகல், கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிட்சர் தெரியமாட்டார், ஆனாலும் ஜனங்கள் வருகிறார்கள். அந்த விசுவாசத்துக்குப் பதில் சொல்ல ஹென்றி பத்திரிகையாளர் முன்னால் வந்து உட்காருவதே அபூர்வம். டெவர்ஸை அனுப்பியபோதும் பிரெஸ்லோவும் நிர்வாகி சாம் கென்னடியும்தான் வந்தார்கள்.

வூஸ்டர்வாசி:

இந்தப் பேச்சில் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. நான் வூஸ்டரில் இருக்கிறேன், வூஸ்டர் அணியின் மைதானமான போலார் பார்க் எங்கள் வீட்டிலிருந்து பக்கம். ஃபென்வே டிக்கெட் விலையில் இங்கே குடும்பமே போய் டக்அவுட்டுக்குப் பின்னால் உட்காரலாம். அதனால் இந்தப் பிள்ளைகள் மேலே போவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறேன்.

ஆன்டனி பேட்டிங் செய்யும்போது அவர் விடும் பந்துகளைக் கவனியுங்கள். ஸ்டிரைக் ஜோனுக்கு அரை அங்குலம் வெளியே போகும் பந்து என்றால் தோள்கூட அசையாது. கால் முன்னே வரும், கை கிளம்பும், அப்படியே நின்றுவிடும். இருபது வயதில் அந்த நிதானம் வரவே வராது, அவருக்கு இருந்தது. மேலே போவதற்கு இரண்டு நாள் முன்னால் வூஸ்டர் அணிக்காக 497 அடி தூரம் ஒரு கிராண்ட் ஸ்லாம் (நான்கு ரன் தரும் ஹோம் ரன்) அடித்தார். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். நான் அவர் விட்ட பந்துகளைத்தான் பேசுவேன்.

அவர் எப்படி வந்தார் தெரியுமா? 2021 முடிவில் எட்வர்டோ ரோட்ரிகஸ் டெட்ராய்ட்டுக்குப் போனார். அவரை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த டிராஃப்ட் தேர்வு, 2022-இல் 79-ஆவது இடம். அதில் எடுத்தவர்தான் ஆன்டனி. 2020-இல் 24-36 என்று கேவலமாகத் தோற்றதால் 2021 டிராஃப்டில் நான்காவது இடம் கிடைத்தது, அதில் வந்தவர் மார்செலோ மேயர். இரண்டு பேரையும் எடுத்தது, பிரெஸ்லோவுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த ஹைம் ப்ளூம். பெட்ஸை அனுப்பிய பழியைச் சுமந்து 2023 செப்டம்பரில் வேலையை இழந்தவர். அவர் விதைத்ததைத்தான் இன்று பிரெஸ்லோ அறுக்கிறார், இதை யாரும் சொல்வதில்லை.

ஆன்டனிக்கு 2025 ஆகஸ்டில் 8 வருடம், 130 மில்லியன் கொடுத்தார்கள். பெட்ஸ் விஷயத்தில் இதைத்தான் செய்யத் தவறினார்கள். ஒருவர் ஆறு வருடம் ஆடி முடித்து சந்தைக்குப் போகும் வாசலில் நிற்கும்போது பேசினால் விலை அவர் சொல்வதுதான். வந்தவுடன் பேசினால் இருவருக்கும் லாபம். கிறிஸ்டியன் கேம்பலுக்கும் அப்படித்தான் ஏப்ரலிலேயே 8 வருடம், 60 மில்லியன் கொடுத்தார்கள். ஜூனில் தடுமாறி வூஸ்டருக்குத் திரும்பி வந்தார். வந்தவரை இங்கே கைதட்டித்தான் வரவேற்றோம். அவர் நிச்சயம் மேலே வருவார் என்று நான் நம்புகிறேன்.

இடக்கைப்பந்து:

அக்கா சொன்னதோடு பிட்சிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் நான்கு இளம் வீரர்களைக் கொடுத்து க்ரோஷேயை வாங்கினார் பிரெஸ்லோ. கைல் டீல் மாதிரி ஒரு கேட்சரை இழக்கிறோமே என்று அப்போது எவ்வளவு புலம்பல்! சீசன் தொடங்கிய கையோடு 6 வருடம், 170 மில்லியன் என்று நீட்டிப்பும் செய்தார்கள். 18 வெற்றி, 5 தோல்வி, 2.59 ஈஆர்ஏ, 255 ஸ்ட்ரைக்அவுட். பெரிய லீக்கில் அந்த வருடம் அதைவிட அதிகம் யாரும் எடுக்கவில்லை.

யாங்கீ ஸ்டேடியத்தில் ப்ளேஆஃப் முதல் ஆட்டத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? இரண்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் வோல்ப்பி ஒரு ஹோம் ரன் அடித்தார். அதற்கப்புறம் க்ரோஷே வரிசையாக 17 பேரை அவுட் செய்தார். ஏழாவது இன்னிங்ஸில் மாற்று ஆளாக வந்த யோஷிதா முதல் பந்தையே அடித்து இரண்டு ரன் கொண்டுவந்தார். ஒன்பதாவதில் பிரெக்மன் அடித்த டபுளில் (இரண்டு பேஸ் ஓடும் அடி) இன்னொரு ரன். கடைசியில் நம் சாப்மன் பந்து வீச, மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்டும் இல்லை. மூன்று பேரை அடுத்தடுத்து அவுட் செய்து 3-1 என்று முடித்தார். 2017-இல் இதே சாப்மன் யாங்கீஸுக்காக வீசிய 102.8 மைல் வேகப் பந்தைத்தான் இருபது வயது டெவர்ஸ் இடது பக்கம் ஹோம் ரன் அடித்தார்.

அடுத்த இரண்டு ஆட்டத்தையும் தோற்றோம். மூன்றாவதில் யாங்கீஸின் கேம் ஷ்லிட்லர் எட்டு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வாக் (தவறான பந்துகளால் இலவசமாகக் கொடுக்கும் பேஸ்) கூட இல்லை. நம் பாஸ்டன் பக்கத்தில் வளர்ந்த பையன்! நம் பிட்சர் ஏர்லி நான்காவது இன்னிங்ஸில் நான்கு ரன் விட்டார், அதில் முதல் பேஸில் நடந்த ஒரு பிழையும் உண்டு. காசஸ் விழுந்த மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அந்த முதல் பேஸுக்கு நிலையான ஆள் இல்லை. நிர்வாகத்தின் பெரிய தவறு என்று நான் சொல்வது அதைத்தான். டெவர்ஸ் மாட்டேன் என்றால் ஜூலை டிரேட் கெடுவுக்குள் வேறு நல்ல ஆளைப் பிடித்திருக்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில் அதைச் சரிசெய்திருக்கிறார்கள். முதல் பேஸுக்கு வில்சன் கான்ட்ரெராஸ் வந்தாயிற்று, பிட்சர் சன்னி கிரே வந்தாயிற்று. இருவரும் செயின்ட் லூயிஸிலிருந்து, இப்போது அங்கே பொறுப்பில் இருப்பது ப்ளூம். பிரெக்மன் போன சில நாளில் ரேஞ்சர் சுவாரஸுக்கு 5 வருடம், 130 மில்லியன். க்ரோஷே, கிரே, சுவாரஸ், பிரையன் பெல்லோ என்று வரிசை. கிழக்குப் பிரிவில் இதைவிட நல்ல பிட்சிங் யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

பச்சைச்சுவர்:

பிட்சிங்கை நான் குறை சொல்லவே இல்லை, இடக்கைப்பந்து. க்ரோஷே டிரேட் பிரெஸ்லோ செய்ததிலேயே சிறந்தது. ஆனால் ரன் யார் அடிப்பது? 2025 ஜூன் 14 அன்று டெவர்ஸ், பிரெக்மன் இருவரும் நம்மிடம் இருந்தார்கள். இன்று யாரை வைத்து யாங்கீஸ் பிட்சர்களைப் பயமுறுத்தப் போகிறோம்? ஆன்டனிக்கு இன்னும் 22 வயது ஆகவில்லை. முழு பாரத்தையும் அவர் தலையில் வைப்பது நியாயமா?

எண்கணக்கு:

இதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். டெவர்ஸ் டிரேடை நான் ஆதரித்ததே, அந்தப் பணம் வேறு நல்ல ஆளுக்குப் போகும் என்ற அடிப்படையில்தான். 250 மில்லியன் கையில் மிச்சம் வந்தது. அதில் 175-ஐ பிரெக்மனுக்குக் கொடுக்கத் தயங்கினால் டிரேடின் கணக்கே உடைகிறது. பிரெக்மன் 2025-இல் 114 ஆட்டம்தான் ஆடினார், .273, 18 ஹோம் ரன், கோடையில் தொடைத் தசை அவரை ஏழு வாரம் உட்கார வைத்தது. 31 வயது. ஐந்து வருடம் என்பது ஆபத்துதான். ஆனால் அந்த டக்அவுட்டில் அவர் செய்தது எண்ணில் வராது. மேயர், கேம்பல், ஆன்டனி எல்லோரும் ஆட்டத்துக்கு முன்னால் அவரைச் சுற்றி உட்கார்ந்து பிட்சர் வீடியோ பார்த்தார்கள். எண்ணை மட்டும் பார்க்கிறவன் என்று என்னை எல்லோரும் சொல்வீர்கள், நானே சொல்கிறேன், அதை விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்.

விடிகாலைரசிகன்:

அப்படியானால் பிரெஸ்லோவை மாற்ற வேண்டுமா? ப்ளூமுக்கு முன்னால் இருந்த டோம்ப்ரோவ்ஸ்கி கோப்பை வாங்கிக் கொடுத்து ஒரு வருடத்தில் 2019-இல் போனார், ப்ளூம் 2023-இல் போனார். இவரும் போனால் அடுத்து யார்?

பாஸ்டன்வாசி:

வேண்டாம் தம்பி. ஆளை மாற்றுவது ஹென்றிக்கு ரொம்பச் சுலபம், அதனால்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறார். பெட்ஸை அனுப்பு, சம்பளத்தைக் குறை என்று மேலிருந்து உத்தரவு, பழி கீழே. 2002-இல் இந்த அணியை வாங்கி, 86 வருடம் கிடைக்காத கோப்பையை 2004-இல் கொண்டுவந்து, அப்புறம் 2007, 2013, 2018 என்று நான்கு கோப்பை கொடுத்த முதலாளிகள் இவர்கள்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. நன்றி இருக்கிற காரணத்தால்தான் கோபமும் வருகிறது. லிவர்பூல், பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் என்று கை விரிந்துகொண்டே போனபோது ஃபென்வே பக்கம் கண் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, எவ்வளவு செலவு செய்யப் போகிறோம் என்பதை முதலாளி நேரில் வந்து சொல்லட்டும். இரண்டு, வீரரிடம் பேசிவிட்டுப் பத்திரிகைக்குச் சொல்லட்டும். டெவர்ஸ் விஷயத்தில் பிரெக்மன் வருவதை அவருக்கு ஒழுங்காக முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை எழுந்தே இருக்காது. இருபது வயதிலிருந்து பெரிய அணியில் வைத்திருக்கும் ஒருவரிடம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

வூஸ்டர்வாசி:

அந்த மரியாதைக்கு அடுத்த சோதனை இப்போதே வந்துவிட்டது. அவுட்ஃபீல்டில் மூன்று இடம், ஆள் நான்கு: ஆன்டனி, டுரான், ரஃபேலா, அப்ரேயு. யோஷிதாவும் டிஎச் இடத்துக்குக் காத்திருக்கிறார். ஜாரன் டுரானை அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு குளிர்காலம் முழுவதும் ஓடுகிறது, அவரும் அதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார். அனுப்புவதானால் நல்ல பேட்டர் ஒருவருக்காக அனுப்பட்டும், வைத்துக்கொள்வதானால் அவர் எங்கே ஆடப்போகிறார் என்பதை ஃபோர்ட் மையர்ஸ் பயிற்சி முகாம் தொடங்கும் முன்னால் அவரிடம் நேரில் சொல்லட்டும். மூன்றாவது பேஸ் மேயருக்கா, வெளியிலிருந்து ஆளா என்பதையும் அதே நாளில் மேயரிடம் சொல்லிவிடட்டும்.

பச்சைச்சுவர்:

அக்கா, டுரானை அனுப்பக் கூடாது என்பது என் கட்சி. 2024 ஆல்ஸ்டார் ஆட்டத்தில் எம்விபி வாங்கியவர், ஓட்டத்தில் அந்த அணியில் அவருக்கு ஈடு இல்லை, சம்பளமும் இன்னும் குறைவு. அவரைக் கொடுத்து ஒரு பேட்டரை வாங்கினால் ஒரு ஓட்டையை அடைக்க இன்னொன்றைத் தோண்டியதாகத்தான் ஆகும். பிரெக்மனுக்குக் கொடுக்காத பணம் இருக்கிறதே, அதை எடுத்துச் சந்தையில் மிச்சம் இருக்கும் ஒரு வலக்கை பேட்டரை வாங்கச் சொல்லுங்கள். முகாம் தொடங்கும்வரை இந்த இழையைத் திறந்தே வைக்கிறேன். டுரான் பற்றி மற்றவர்களும் எழுதுங்கள்.